நெல் உலர்த்திய ஏசி

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு டம்ளர் தண்ணீர்.

தை மாதத்து முற்பகல். அவர் வீட்டு ஏசியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன். "என்னடா, தொண்ட காஞ்சு போயி நிக்கிற" என்று அவரே எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்த வீட்டில் அதற்கு முன் எனக்கு யாரும் தண்ணீர் கொடுத்ததில்லை. என் அப்பா முப்பது வருஷம் அவர் வயலில் உழைத்தவர். கையைக் குவிக்கச் சொல்லித்தான் ஊற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். டம்ளரைப் பார்த்ததும், பரவாயில்லையே, காலம் மாறிவிட்டது என்று எனக்கு ஒரு பூரிப்பு. தண்ணீர் சில்லென்று இருந்தது. மூன்று மடக்கில் குடித்துவிட்டேன்.

"எப்படிடா இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்கய்யா."

"ஒன் மிசினு தண்ணிதான். பைப்பு வழியா வாளியில சொட்டுதுல்ல, அது. வீணாப் போவுதேன்னு புடிச்சி வச்சிருக்கேன். காத்துலேந்து வர்ற தண்ணிடா, மழைத் தண்ணியவிடச் சுத்தம்."

ஏசிக்குள் அந்தத் தண்ணீர் தேங்கும் தட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் அன்று காலையில்தான் விரலால் வழித்துச் சுத்தம் செய்திருந்தேன். மூக்குச்சளி போலக் கொழகொழவென்று ஒரு பாசி, அதில் ஒட்டிய கொசு, பல்லி முட்டை ஓடு. அந்த வழவழப்பு இன்னும் விரலில் இருந்தது. வாழை மரத்தடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவருக்கு அது ஏன் என்றே புரியவில்லை. "காலையில என்னத்தடா தின்ன?" என்று கேட்டார். இன்றைக்கும் யார் தண்ணீர் கொடுத்தாலும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன்.

அவர், அவர் என்று எழுதுவது என் பழக்கதோஷம். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் பெரிய பண்ணை. இப்போது கொஞ்சம் நிலமும் ஒரு நீளமான ஓட்டு வீடும்தான் மிச்சம். 'வீணாப் போவக் கூடாது' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எழுபது வருஷம் வாழ்ந்துவிட முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். தீக்குச்சியால் காது குடைவார். பிறகு அதே குச்சியைப் பெட்டிக்குள் போட்டுவைத்து, சாயங்காலம் அதைக் கிழித்துத்தான் சாமி விளக்கு ஏற்றுவார். பல் செட்டைக் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. வயிற்றுப் பக்கம் ஓட்டை விழுந்த பனியனை முதுகுப் பக்கம் வருமாறு திருப்பிப் போட்டுக்கொள்வார்.

அவர் மகன் கல்யாணத்தின்போது பந்தி முடிந்த இலைகளுக்கு நடுவே அவரே குனிந்து நடந்து, கடிபடாத லட்டுகளைப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டிருக்கிறார். மறுநாள் அதை வயல் ஆட்களுக்குப் பலகாரம் என்று கொடுத்தார். ஒரு லட்டில் அப்பளத் துணுக்கும் சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்ததாம். என் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் மதகடியில் மீனுக்கு உதிர்த்துவிட்டு வந்தார். "மூஞ்சியில விட்டெறியாம ஏம்ப்பா வாங்கிக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். அப்போது நான் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தேன், ரோஷத்துக்குக் குறைவில்லை.

அந்த ரோஷம் எவ்வளவு நாள் தாங்கியது என்பதைத்தான் இனி சொல்லவேண்டும்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. படுக்கையிலேயே எல்லாம். முதுகில் புண் வரக்கூடாது, வேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் சிங்கப்பூரில் இருந்த மகன் ஒரு ஏசி வாங்கி அனுப்பினான். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள மலர்க்கொடி அக்காவையும் ஒரு ஏஜென்சி மூலமாக மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினான். அக்காவுக்கு அதிராம்பட்டினத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பம். புருஷனுக்குக் கடலில் இடுப்பு அடிபட்டுப் படகுக்குப் போக முடியாமல் ஆனபிறகு, அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது.

ஏசி மாட்டப் போனவன் நான். தனியாகக் கடை போட்டு எனக்கு வந்த முதல் வேலை. அவுட்டோர் யூனிட்டை, அதாவது வெளியே வைக்கிற பெட்டியை, வடக்குச் சுவரில் நிழலாகப் பார்த்து வைக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் அருகே வந்து நின்றார்.

"இது என்னடா பண்ணும்?"

"ரூம்ல இருக்குற சூட்டை எடுத்து இது வழியா வெளியில தள்ளும் ஐயா."

"சூடான காத்தா வரும்?"

"நல்லாவே வரும்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. படுக்கை அறையை ஒட்டி, நெல் சேமிக்கிற பத்தாய அறை. பழைய மரப்பத்தாயத்தை விற்றுவிட்டார். இப்போது அங்கே நெல் மூட்டைகளும் விதைநெல்லும் இருந்தன. ஒரே ஒரு சின்ன ஜன்னல். "அதுக்குள்ள வையி. அவ்ளோ சூட்டையும் தெருவுல விடறதா? நெல்லாவது காயும்" என்றார்.

நான் சொன்னேன், சொல்லாமல் இல்லை. மூடிய அறைக்குள் வைத்தால் அது தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். ரூம் குளிர்வதற்குள் மிஷின் நாக்குத் தள்ளிவிடும். கரண்டை இரட்டிப்பாகக் குடிக்கும். நெல்லுச் சுனைத்தூசியும் பதரும் போய் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். எல்லாம் சொன்னேன். அவர் பல் செட்டை நாக்கால் ஒருமுறை நகர்த்திவிட்டு, "ஒங்கப்பன் எங்கிட்ட ஒரு நாளு எதுத்துப் பேசினதில்லடா" என்றார். உள்ளே வைத்துவிட்டேன். முதல் வேலை, பெரிய வீடு, நாலு பேரிடம் சொல்வார்கள் என்ற கணக்கு. மூட்டைகளை நகர்த்தி இடம் செய்ததும் நானேதான்.

மார்கழி வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. தை பிறந்து சம்பா அறுப்பு நேரத்தில் நாலு நாள் விடாமல் மழை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரம் அதிகம், காயவைத்து எடுத்துவா என்று திருப்பிவிட்டார்கள். ஊர் முழுக்கத் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டி, மேகத்தைப் பார்ப்பதும் படுதாவைப் போர்த்துவதுமாக அல்லாடியது. இவர் மட்டும் அல்லாடவில்லை. நெல்லைப் பத்தாய அறையில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டினார். படுக்கை அறை ஏசியைப் பதினாறு டிகிரியில் வைத்தார். ரிமோட்டை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

ஊரே போர்த்திக்கொண்டு படுக்கும் பனிக்காலம் அது. ராவும் பகலும் ஏசி ஓடியது. மிஷின் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது என்று எனக்குப் போன் வந்து, போனேன். அன்றுதான் அந்தத் தண்ணீரைக் குடித்தது.

பத்தாய அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாடையைச் சொல்ல முடியாது. மேல் நெல் காய்ந்திருந்தது. அடி நெல் புழுங்கி ஊசிப்போய்ப் புளித்த வாடை அடித்தது. அவுட்டோரின் முதுகு முழுக்கச் சுனை அடைத்து, கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் மிஷின் முக்கி முக்கி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு மினுங்கிய வேகத்துக்கு எண்ண முடியவில்லை. கரண்டு பில்லில் ஒரு படியைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பில் கட்டுவது மகன். நெல் விற்ற காசு தன் பைக்கு.

படுக்கை அறையில் அந்த அம்மா இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். இடது கை மட்டும் வெளியே வந்து போர்வை நுனியைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மலர்க்கொடி அக்கா தன் மாற்றுச் சேலையையும் மடித்து மேலே போட்டுவிட்டு, அவர்கள் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐசுல மீனப் போட்டு வச்ச மாதிரி வச்சிருக்காரு தம்பி" என்றார் அக்கா. "ரெண்டு தடவ சுவிட்ச நிறுத்திட்டேன். நெல்லு என்னாவுறதுன்னு வந்து கத்துறாரு. நீங்களாவது சொல்லுங்களேன், ஒங்க பேச்சக் கேப்பாரு."

என் பேச்சையா! நான் அவுட்டோரின் முதுகில் இருந்த சுனையைப் பிரஷால் தேய்த்து எடுத்தேன், தட்டைக் கழுவினேன், தண்ணீரைக் குடித்தேன், வாந்தி எடுத்தேன், வந்துவிட்டேன். புறப்படும்போது அவர் என் தோளைத் தட்டி, "மன்னார்குடியில என் மச்சான் கல்யாண மண்டபம் கட்டுறான். ஏசி வேல பூரா ஒனக்குத்தாண்டா" என்றார். அந்தக் கை பட்ட இடத்தை அன்று நான் துடைத்துக்கொண்டதாகக்கூட ஞாபகம் இல்லை.

மாசியில் பில் வந்தது. மகன் சிங்கப்பூரிலிருந்து கொதித்துப்போய்ப் போன் செய்தான். மிஷினில் கோளாறா என்று மெக்கானிக்கைக் கேட்கவேண்டும் என்றானாம்; என்னை வரச்சொன்னார். கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். கைபிடிச் சுவரோரம் அக்கா நின்றார். கையில் அந்த அம்மாவுக்கு மலம் எடுத்த பேசின், மேலே துணி மூடியிருந்தது. போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்.

"அண்ணே, மிஷின்ல ஏதும் ரிப்பேரா?" என்றான் மகன்.

"இல்ல சார். பில்டர்ல கொஞ்சம் தூசி, கேசும் லேசாக் கம்மி. சரி பண்ணிட்டேன்."

"அதுக்கா இவ்ளோ பில்லு? எவ்ளோ நேரம்ண்ணே ஓடுது?"

"நாள் பூரா ஓடுது சார்."

"இந்தக் குளிர்ல யாருண்ணே போடுறது?"

அவர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். வேட்டி மடிப்பில் ரிமோட் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் வாயைத் திறந்தால், பெட்டியைப் பத்தாய அறையில் மாட்டியது எந்த முட்டாள் என்ற கேள்வி வரும். மண்டபத்து வேலையும் போகும்.

"அது எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. "வேற யாருடா? கூடப் படுத்துக்கிறாளே, அவதான். கடக்கரைப் புழுக்கத்துல கெடந்தவ, இங்க வந்து சொகம் கண்டுட்டா. நான் நிறுத்த நிறுத்தப் போடுறா" என்று போனைப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்கிற முகமாகவே இல்லை. சொல்லச் சொல்ல அவரே அதை நம்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, சாமி சத்தியமா..." என்று அக்கா ஆரம்பித்தார். பிறகு என்னிடம், "நீங்க பாத்தீங்களே தம்பி" என்றார். நான் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைப்பதில் மும்முரமாக இருந்தேன். அன்று மத்தியானமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். போகும்முன் பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்த அம்மாவின் காலைப் போர்வைக்குள் செருகிவிட்டுத்தான் போனார்.

எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அந்தப் பெட்டி அங்கே இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அதை வெளியே எடுத்துவைத்தால் பில் குறையும். குறைந்தால் அக்கா மேல் தப்பில்லை என்று தானாகத் தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். எனக்குத் தோன்றிய வீரம் இவ்வளவுதான்.

பங்குனியில் போனேன். கரண்டு வீணாகிறது என்று சொன்னால் அசையமாட்டார் என்று தெரியும். "ஐயா, இந்த அனலுக்கு வெதநெல்லு முளைக்காது" என்றேன். அது உண்மையும்கூட. ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்துவைத்து, மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு அவிழ்த்துப் பார்த்தார். பாதிக்கு மேல் முளை விடவில்லை. பதறிப்போனார். மனைவியின் உதடு நீலமானபோது காணாத பதற்றத்தை அன்று பார்த்தேன். "எடுத்துத் தொலடா அத" என்றார். வடக்குச் சுவரில், முதலில் நான் அளந்த இடத்திலேயே, கூலி வாங்காமல் மாட்டினேன். புது ஸ்க்ரூ வீண் என்று பழையதையே நிமிர்த்திப் போடச் சொன்னார்.

அடுத்த பில் பாதிக்கும் கீழே வந்தது. பெட்டி வெளியே வந்தது ஒரு காரணம். உலர்த்த நெல் இல்லாததால் கோடையிலும் அவர் ஏசியைத் தொடாதது இன்னொன்று. அந்த அம்மா சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தார்கள்.

அவர் ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து மீட்டர் அட்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "பாத்தியாடா? அவ போனா, பில்லும் போச்சு. போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பிட்டேன். வேலைக்கு ஆளு அனுப்புற அந்த ஏஜென்சிக்கும் சொல்லிட்டேன், அவள வேற வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னு. நாலு குடும்பம் நல்லாருக்கணுமில்ல?"

எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. "ஐயா, பெட்டிய வெளியில வச்சதாலதான் கொறஞ்சுது" என்றேன். டீக்கடை கேட்கும்படிதான் சொன்னேன், முதல் தடவையாக.

அவர் சிரித்தார். பல் செட்டு ஆடியது. "அப்புடின்னா உள்ள மாட்டினது யாருடா?"

எல்லோரும் சிரித்தார்கள். மண்டபத்து வேலை எனக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மச்சான் கும்பகோணத்து ஆளை வைத்து முடித்துக்கொண்டார்.

மறு வாரம் அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். மலர்க்கொடி அக்கா கருவாட்டுக் களத்தில் கூலிக்கு நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தார். முழங்கை வரை உப்பு வெடிப்பு. ஏஜென்சி அதன்பிறகு வேலைக்குக் கூப்பிடவே இல்லை என்றார். என்னைக் குடிசைக்கு அழைத்துப்போய் வாசல் பலகையில் உட்காரச் சொல்லி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பழக்கதோஷம், டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன்.

"நல்ல தண்ணிதான் தம்பி, குடிங்க" என்றார்.

வெட்கப்பட்டு இரண்டு வாய் குடித்தேன். "அந்த அம்மாவ இப்ப யாரு பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, அவரேதான் என்றேன். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை வெளியே எடுத்துவைத்தது, பில் குறைந்தது, டீக்கடையில் நான் எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னது. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தப் பெட்டி உள்ள இருக்குறதுனாலதான் கரண்டு இழுக்குதுன்னு ஒங்களுக்கு எப்பத் தம்பி தெரியும்?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "மாட்டுன அன்னைக்கே தெரியும்க்கா" என்றேன்.

அக்கா கை நீட்டி டம்ளரை வாங்கினார். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அதை மணலில் கொட்டினார். டம்ளரை இரண்டு தடவை கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.